தமீம் அன்சாரியும் சுப்புலட்சுமியின் பெருவிரலும்

வாசலில் கிடக்கும் செருப்புகளில் நோயாளியுடையது எது என்று கேட்டு, அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையால் மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்த பிறகுதான் தமீம் அன்சாரி படியேறுவார். வீட்டார் பதறிப் போவார்கள். “அய்ய பாய், செருப்பப் போயி கையால தொடுறீகளே” என்று யாராவது பிடுங்க வருவார்கள். அவர் கொடுக்க மாட்டார். “கால்கிட்டக் கேட்டா ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லும். செருப்பு உள்ளதச் சொல்லிரும்” என்பார்.

பரளச்சி கிராமத்துக் காளீஸ்வரனின் செருப்பு அப்படித்தான் உண்மையைக் கக்கியது. வேலிக்கருவை முள் ஒன்று அடியிலிருந்து மேலே ஏறி, முனை ஒடிந்து நின்றது. ஒடிந்த முனை காளீஸ்வரனின் குதிகாலுக்குள் இருந்தது. அந்தக் காலோடுதான் அவர் மிளகாய்ச் செடிக்கு உரம் வைத்திருக்கிறார், கண்மாய்க் கரை வரை போய்த் திரும்பியிருக்கிறார், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறார். வலி என்று ஒன்று தெரியவே இல்லை. சர்க்கரை அவருடைய கால் நரம்புகளை எப்போதோ ஊமையாக்கிவிட்டிருந்தது. முனையை இடுக்கியால் எடுத்துக் காட்டியபோது, “இது யாரு கால்ல இருந்தது?” என்று கேட்டாராம். தமீம் எடுத்த முள் கட்டைவிரல் நகத்தின் நீளம். செய்தி பஸ் ஏறித் திருச்சுழி போய்ச் சேர்ந்தபோது அது விரல் நீளம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் இறங்கியபோது, அதை வைத்து மாடு ஓட்டலாம் என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது. தமீம் திருத்தப் போகவில்லை. “வளரட்டும். பயத்துல நாலு பேரு செருப்பத் தட்டிப் போடுவான்.”

சொந்த ஊர் வீரசோழன். மதுரையில் நர்சிங் படித்துவிட்டுக் குவைத்துக்குப் போனவர், அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் கால்புண் வார்டில் தலைமுடி கொட்டித் தீரும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார். இப்போது அருப்புக்கோட்டையில் சர்க்கரை வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் வேலை. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கால்களைத் தேடிப் போய், கழுவி, செத்த தோலைச் சுரண்டி, கட்டுப் போட்டு, போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்புவார். அதனால் அவருடைய போனுக்குள் மனித முகங்களுக்கு இடம் குறைவு. மகள் நிக்காஹ் படத்தைக் காட்டுகிறேன் என்று யாரிடமாவது நீட்டுவார்; மாப்பிள்ளைக்கு முன்னால் நாலு குதிகால் வந்து போகும். அவர் மனைவி நர்கிஸுக்கு இதில் தீராத மனத்தாங்கல். “சம்பந்தி வீட்டுல, ‘இதான் எங்க மூத்தவ’ன்னு சொல்லிக் காட்டுறாக. பாத்தா எவரோ ஒருத்தரோட சுண்டுவிரல்.”

வேலை நாட்களில் அத்தர் பூசமாட்டார். வீரசோழன்காரர் ஒருவர் அத்தர் இல்லாமல் பஸ் ஏறுவது ஊருக்கே ஒரு புதினம். ஆனால் அவருக்கு மூக்கு முக்கியம். கட்டைப் பிரிக்கும் முன் குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பார். உள்ளே எந்தக் கிருமி குடியிருக்கிறது என்பதை மூக்கு பாதி சொல்லும், மீதியை லேப் சொல்லும். ஒருமுறை ஓடும் பஸ்ஸுக்குள் இருந்தே மோந்து, பாதி வழியில் இறங்கி, தெருவின் கடைசி வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார் என்றும் ஒரு கதை இருக்கிறது. பஸ் கண்டக்டர் அதற்குச் சத்தியம் செய்கிறார். அந்தக் கண்டக்டர் சில்லறை இல்லை என்பதற்கும் சத்தியம் செய்கிறவர்தான். குவைத்தில் ஒட்டகத்தின் காலுக்குக் கட்டுப் போட்டதாகத் தமீமே சொல்லும் கதை ஒன்றும் உண்டு. நர்கிஸ் அதை ஒரே வரியில் முடித்துவைப்பார்: “இவுக ஒட்டகத்தப் பாத்தது பஸ்ஸு ஜன்னல் வழியாத்தான்.”

இப்படிப்பட்டவர், வாயை மூடிக்கொண்டு, வைத்த சாயா ஆடை கட்டும்வரை போனையே வெறித்துக்கொண்டிருந்த ஒரு காலமும் வந்தது. அது சுப்புலட்சுமியின் பெருவிரலால் வந்தது.

சுப்புலட்சுமி அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் இருக்கிறார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். கணவர் நாகேந்திரன் விசைத்தறிக்குப் போய்விட்ட பிறகும், வீட்டுக் குழித்தறியை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர் சுப்புலட்சுமிதான். வலது காலில், பெருவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கால் மேட்டில் ஒரு புண். எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: புண் சுருங்காமல் இப்படியே ஆழம் போனால் எலும்பைத் தொடும், பிறகு விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது. சுப்புலட்சுமி கேட்டது ஒரே கேள்வி. “விரலு இல்லாம மிதிய மிதிக்க முடியுமா?” குழித்தறியில் கையை விடக் காலுக்கு வேலை அதிகம். குழிக்குள் தொங்கும் மரமிதிகளைக் கால் மாற்றிக் கால் மாற்றி அழுத்தினால்தான் நெடுக்கே ஓடும் பாவு நூல் திறக்கும், குறுக்கே ஊடை நூல் நுழையும். டாக்டரம்மா தமீமைப் பார்த்தார். தமீம் தரையைப் பார்த்தார்.

முதல் நாள் சுப்புலட்சுமி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். “அடுத்தவுக கையில காலக் குடுக்கிறது பாவம் பாய்.”

“அப்பக் கைன்னு நெனச்சுக் குடுங்கக்கா.”

கொடுத்தார். கொடுத்துவிட்டு வாய் சும்மா இருக்கவில்லை. “ஒரு புண்ணு ஆறுறதுக்கு இம்புட்டுப் பாடா? அருவாமணை வெட்டுனா மஞ்சளை அப்பிட்டு அந்தாக்குல தறியில உக்காந்தவுக நாங்க.”

தமீமுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேண்டியதில்லை. உயிரணுக்களைப் பற்றிப் பேசச் சொன்னால் சோறு வேண்டாம் அவருக்கு. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் முக்கு ரோட்டில் இறங்குவதற்குள் ரத்த வெள்ளையணுவின் பூர்வீகம் முழுவதையும் தெரிந்துகொண்டுவிடுவார், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

“பாவுக்குக் கஞ்சி போடுறீகள்ல, ரெம்பப் போட்டா என்னாகும்?”

“நூலு மொடமொடன்னு நிக்கும். வளைஞ்சு குடுக்காது. ரெண்டு மிதியில படக்குன்னு அறும்.”

“அதேதான். நம்ம தோலுக்கு அடியில கொலாஜன்னு ஒரு நூலு ஓடுது. ரத்தத்துல சர்க்கரை கூடிக் கெடந்தா அது கொஞ்சங் கொஞ்சமா அந்த நூல்ல போயி ஒட்டிக்கிரும். வருசக்கணக்கா ஒட்டுனது. அலசினாலும் போகாது. நூலு வெறைச்சுப் போகுது.”

“சரி, அறுந்தா அறுந்த எடத்துல முடிச்சுப் போட்டு நெய்ய வேண்டியதுதான?” இது நாகேந்திரன்.

“அங்கதான் அண்ணே கூத்து. அறுந்த இழையவும் அழுக்கையும் கத்தரிச்சு எடுக்க உடம்புல ஒரு நொதி இருக்கு. அது வந்து பழசக் கத்தரிச்சுட்டு ஒதுங்கிரணும். ஒதுங்கினாத்தான் புதுசு நெய்ய எடம். சர்க்கரைக் கால்ல அவன் ஒதுங்க மாட்டான். நீங்க முன்னால நெய்ய நெய்ய, பின்னால நின்னு கத்தரிச்சுக்கிட்டே இருப்பான்.”

“அவன் கையில கத்தரியக் குடுத்தது யாரு?” என்றார் சுப்புலட்சுமி.

“மேக்ரோஃபேஜுன்னு ஒரு செல்லு. புண்ணு விழுந்ததும் முதல்ல ஓடி வந்து கிருமியோட மல்லுக்கட்டுற ஆளுகள்ல அவனும் ஒருத்தன். சண்டை முடிஞ்சதும் அதே ஆளு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுக் கொத்தனாரு வேலைக்கு மாறணும். நல்ல உடம்புல மாறிருவான். இங்க மாற மாட்டேங்கான். எதிராளி ஓடிப் போயி நாளாச்சு, இவன் கம்பைக் கீழ போடல. இவன் நிக்கிற வரைக்கும் கத்தரிக்காரனும் நிப்பான்.”

சுப்புலட்சுமி கணவரைத் திரும்பிப் பார்த்தார். “உங்க பெரியண்ணன் மாதிரி.”

நாகேந்திரன் மறுக்கவில்லை.

“இன்னொண்ணும் இருக்குக்கா. காத்துப் பத்தாத எடத்துல இருக்கிற செல்லு, ‘இந்தப் பக்கம் புதுசா ரத்தக் குழாய் போடுங்கய்யா’ன்னு கூப்பாடு போடணும். சர்க்கரை அது தொண்டைய அமுக்கிருது. கூப்பாடு இல்லாட்டிக் குழாய் எப்படி வரும்? நம்ம தெருவுக்கே கூப்பாடு போட்டாத்தான வருது.”

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்த இடத்தில் தலையாட்டினார்கள். குழாய் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது.

பேச்சில் புரியவைத்தது ஒரு பக்கம். கால் அசைந்து கொடுக்க வேண்டுமே. சுப்புலட்சுமி மாத்திரையைத் தவறவிடவில்லை, ஊசியைத் தவறவிடவில்லை. சர்க்கரை இறங்கி நல்ல பிள்ளையாக நின்றது. கிருமிக்கு மருந்து கொடுத்தாயிற்று. காலுக்கு ரத்தம் போகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், போகிறது. அப்படியும் ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் புண்ணின் விளிம்பில் ஆணி மாதிரி தோல் தடித்து நின்றது. உள்ளே கன்றிப்போன ரத்தம். தமீம் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு வருவார். அடுத்த முறை அதே தடிப்பு, அதே கன்றல்.

“நடக்கிறீகளாக்கா?”

“அடி எடுத்து வைக்கல பாய். வேணும்னா தெருவுல கேளுங்க.”

கேட்டார். தெருவே சாட்சி சொன்னது. குளிக்க, வெளிக்குப் போக, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கித்தான் போகிறார்கள். நாகேந்திரனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

டாக்டரம்மா விரலை எடுக்க நாள் பார்க்கலாம் என்றார். தமீம் இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கினார். அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் யாரிடமும் பேசவில்லை. கண்டக்டர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். போனில் புதுசு புதுசாக வரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அர்த்தம் பார்த்துப் பார்த்துப் படித்தார். எந்தப் புரதம் குறைந்தது, எந்தச் சமிக்ஞை நின்றது என்று தேடினார். நர்கிஸ் ரசத்தை ஊற்றிவிட்டுக் கேட்டார், “யாரு காலு?” “நெசவாளர் தெரு அக்கா.” “அதான், உப்பு இல்லாத ரசத்த நல்லாருக்குன்னு குடிக்கீக.”

இங்கே தமீமின் ஒரு கள்ளத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். குவைத்தில் அவர் அறையில் உடன் இருந்தவர்கள் கடப்பாக்காரர்கள். அவர்களோடு சமைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி, தமீமுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. அருப்புக்கோட்டையில் இது ஒருவருக்கும் தெரியாது, அவர் சொல்லவில்லை. தெலுங்கு பேசும் வீடுகளில் அவர் தலையைக் குனிந்து புண்ணைக் கழுவிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே, நேற்றுத் தின்ற ஜிலேபியும் முழுங்காமல் விட்ட மாத்திரையும் தெலுங்கில் பேசப்படும். பிறகு நிமிர்ந்து, புண்ணை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நேத்து ஜிலேபி சாப்பிட்டீகளோ?” என்பார். வீடே வெலவெலத்துப் போகும். பாய் புண்ணைப் பார்த்தே பலகாரத்தைச் சொல்கிறார் என்று அந்தத் தெருக்களில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை அவர் மிகவும் அக்கறையாகக் காப்பாற்றி வந்தார்.

கேட்டு வாங்கிய வாரத்தின் கடைசியில் போனார். அதே தடிப்பு, அதே கன்றல். பேசாமல் சுரண்டி, கழுவி, கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுப்புலட்சுமி கணவரிடம் தெலுங்கில் சொன்னார்: பாய் கிளம்பினதும் என்னை நாற்காலியோட தூக்கித் தறியில எறக்கி விட்டுருங்க, வெளிச்சம் இருக்கும்போதே முந்தானைய முடிச்சிருவேன்.

தமீமின் கை நின்றது. காப்பாற்றி வந்த பெயர் போனால் போகட்டும் என்று, அவரும் தெலுங்கிலேயே கேட்டார்: “தறியிலயா?”

நாகேந்திரன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். இத்தனை நாளும் பாய் தலைக்கு மேலே தான் பேசியதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

சுப்புலட்சுமி அசரவில்லை. “ஆமா, தறியிலதான்.”

“நடக்கக் கூடாதுன்னு சொன்னேனேக்கா.”

“நடக்கலையே. தூக்கிட்டுப் போயித்தான எறக்குறாக. நீங்க நடக்கக் கூடாதுன்னீக, டாக்டரம்மா நிக்கக் கூடாதுன்னாக. உக்காரக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

அதில் பொய்யும் இல்லை, ஒளிவும் இல்லை. அந்தத் தெருவில் நெய்வது என்றால் உட்காருவது. நடப்பது என்றால் கடைக்குப் போவது, கோயிலுக்குப் போவது. காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை தறியில் இருந்துவிட்டு எழுந்தவரையும், ‘நாள் பூரா உக்காந்தே இருக்கா’ என்றுதான் அங்கே சொல்வார்கள்.

தமீம் எழுந்து தறிக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் காலை இறக்கினார். கால் நீளமான மனிதர்; முழங்கால் பாவில் இடித்தது. “நூலப் பாத்து, நூலப் பாத்து” என்று சுப்புலட்சுமி நாற்காலியில் இருந்தே அதட்டினார். வெறுங்காலை மிதியில் வைத்து அழுத்தினார். பிறகு இடதை. மறுபடி வலதை. மரம் வந்து பதிந்த இடம் பெருவிரலுக்கு நேர் கீழே, உள்ளங்கால் மேட்டில், புண் இருக்கும் அதே இடம்.

“ஒரு சேலைக்கு எத்தனை மிதிக்கா?”

“அத யாரு எண்ணுனது?”

குழிக்குள் இருந்தபடியே அவர் சொன்னார். “அந்தச் சண்டைக்காரன் கம்பைக் கீழ போடலைன்னு திட்டுனேன்ல. அவன் மேல குத்தம் இல்லக்கா. ஒவ்வொரு மிதிக்கும், ‘ஏலே, மறுபடி அடிபட்டுருச்சு, வா’ன்னு நாமதான் அவன எழுப்பி விட்டிருக்கோம். நான் அழுத்தாதீகன்னு சொல்லியிருக்கணும். நடக்காதீகன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கு எதுக்குக் குழிக்குள்ள உக்காந்து சொல்லுறீக? மேல வாங்க.”

வர முடியவில்லை. இடுப்புப் பிடிப்புள்ள நாகேந்திரன் ஒரு கையைப் பிடித்து இழுக்க, பக்கத்து வீட்டார் மறு கையைப் பிடிக்க, கருவேலங்கட்டையைப் பிடுங்குவது மாதிரித்தான் அவரைப் பிடுங்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு, தறியை நிறுத்தினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம், இதுதான் கடைசி என்றார்.

தறியை நிறுத்துவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. சுப்புலட்சுமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “வெரலக் காப்பாத்துறதே தறிக்காகத்தான். தறியவே நிப்பாட்டிட்டு வெரல வச்சு என்ன செய்ய, மருதாணி போடவா?”

தமீம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தறியையும் சுப்புலட்சுமியையும் நாகேந்திரனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பார்வை நாகேந்திரனின் கால்களில் வந்து நின்றது. “அண்ணே, உங்களுக்குச் சுகர் இல்லைல்ல?”

அன்றைக்கு ஆரம்பித்தது நாகேந்திரனின் கேடு. விசைத்தறியில் வேலை முடித்து வந்து, வீட்டுக் குழித்தறியில் இறங்கினார். சுப்புலட்சுமி காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, கையால் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றியபடி, கண்ணால் அவரை நெய்தார். “சுவிட்ச்சத் தட்டித் தட்டிக் காலு செத்துப் போச்சு இவுகளுக்கு.” “அடிக்கிறத இழுத்து அடிங்க, கொழந்தையத் தட்டித் தூங்கப் போடுற மாதிரி இருக்கு.” “பிரிங்க அத. பிரிச்சுட்டு மறுபடி போடுங்க.” கட்டுப் போட வந்த தமீமிடம் நாகேந்திரன் தெலுங்கிலேயே முறையிட்டார், இனி ஒளிக்க என்ன இருக்கிறது. “பாய், எனக்கும் எதாவது ஒரு புண்ணு வர வச்சு விடுங்க.”

அதற்குப் பிறகு விளிம்பு தடிக்கவில்லை. கன்றல் மாறியது. புண்ணின் அடியில் மாதுளை முத்தைப் போலச் சிவப்புச் சிவப்பாகப் புதுச் சதை எழும்பியது. லேசாகத் தொட்டாலே நல்ல ரத்தம் கசிந்தது. தமீம் அதைப் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு, சுப்புலட்சுமியிடம் காட்டினார். “குழாய் வந்துருச்சுக்கா. சண்டைக்காரன் கொத்துக்கரண்டியக் கையில எடுத்துட்டான்.” ஓரங்கள் உள்நோக்கி ஊர ஆரம்பித்தன. ஊர்வது கண்ணுக்குத் தெரியாது. போட்டோக்களை வரிசையாகத் தள்ளினால்தான் தெரியும். அவர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு அதைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். அந்த மனிதர் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து விட்ட ஒரு காலையில் போனார். முந்தானை முடிந்து சேலை மடிப்பில் இருந்தது. சுப்புலட்சுமி அந்த மடிப்பைத் தமீம் பார்க்கும்படி வைத்திருந்தார். தமீம் கையுறை மாட்டி, உப்புநீர் பாட்டிலைத் திறந்து, புதுக் காஸ் துணி உறையைக் கிழித்துத் துணியை எடுத்துக்கொண்டு, பழைய கட்டைப் பிரித்தார். கடைசிச் சுற்று ஈரமில்லாமல், ஒட்டாமல், தானாக விழுந்தது. உள்ளே மெல்லிசாக, புதுசாக, குழந்தையின் உதட்டு நிறத்தில் தோல். விரலால் ஓரமாக அழுத்திப் பார்த்தார். எங்கும் கசிவில்லை. காலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மறுபடி அழுத்தினார்.

“என்ன பாய், வாயவே தொறக்க மாட்டேங்கிறீக” என்றார் சுப்புலட்சுமி. “வெரலு எனக்கா, ஆஸ்பத்திரிக்கா?”

தமீமின் கையில் இருந்த காஸ் துணிக்கு இனி வேலையில்லை. கையுறைகளைக் கழற்றி வைத்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அந்தப் புதுத் துணியால் ஒரு பக்கத்தைத் துடைத்தார். மறு பக்கத்தைத் துடைத்தார். திரும்பவும் முதல் பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.